கோல்கள் சாய்வது ஏன்? பெட்டியைச் சுருக்கியது யார்?

ஒரு சமூகம் திடீரென ஒரே திசையில் சாயும்போது அதைச் சாய்த்தவர் யார் என்ற கேள்வியே முதலில் எழுகின்றது. தேர்தலில் ஓர் ஊர் முழுவதும் ஒரே சின்னத்துக்கு வாக்களித்தால் அதன் பின்னால் ஒரு தலைவரைத் தேடுகின்றோம். அயலவர் இருவர் ஒரு துண்டுக் காணிக்காக மோதிக்கொண்டு, மறுநாள் அது இரு சமூகங்களின் பிணக்காக உருவெடுத்தால் அதன் பின்னால் ஒரு சூழ்ச்சியைத் தேடுகின்றோம். இதற்கு நேர்மாறான வழக்கமும் நம்மிடம் உண்டு. திட்டமிட்டுச் செய்யப்பட்ட கொடுமையைக் காலத்தின் கோலம் என்றும், சூழ்நிலை அப்படி அமைந்துவிட்டது என்றும் கூறி ஆறுதல் அடைகின்றோம். தானாக நிகழ்ந்ததற்குச் சூத்திரதாரியைத் தேடுவது ஒரு தவறு. நிகழ்த்தப்பட்டதைத் தானாக நிகழ்ந்தது என்பது மற்றொரு தவறு. இந்த இரண்டும் சேர்ந்தே வடபுலத்துத் தமிழ், முஸ்லிம் உறவை மூன்றரைத் தசாப்தங்களாக அரித்து வந்திருக்கின்றன.

இந்த இரு தவறுகளையும் பிரித்தறியும் பயிற்சியைப் பௌதிகவியலின் ஒரு சிறு கிளை நமக்குத் தரக்கூடும் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். சதுரக் கட்டங்களில் வைக்கப்பட்ட கோல்கள் எப்போது ஒரே திசையில் திரும்புகின்றன, எப்போது அந்த ஒழுங்கு குலைகின்றது என்பதே அந்தக் கிளை ஆராயும் விடயம். பார்வைக்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும் இந்த ஆய்வில் உலகின் முன்னணியில் நிற்பவர்களுள் மும்பையையும் சென்னையையும் சேர்ந்த விஞ்ஞானிகள் அடங்குவர். அவர்கள் கண்டறிந்தவற்றை மன்னார் மாவட்டத்தின் பெரியமடு போன்ற ஓர் ஊரிலிருந்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெரியமடு, மன்னார்ப் பெருநிலப்பரப்பில் மாந்தை மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவில் அமைந்த விவசாயக் கிராமம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியபோது இவ்வூர் முஸ்லிம்களும் ஊரை இழந்தனர். வடபுல முஸ்லிம்களில் மிகப் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்தில் ஒதுங்கினர். ஒரு தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்தது. பின்னர் வன்னிப் போர் மூண்டபோது, மன்னார்ப் பெருநிலப்பரப்பின் தமிழ் மக்கள் 2007, 2008 ஆம் ஆண்டுகளில் ஊர் ஊராகப் பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை சென்று, எஞ்சியோர் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டனர். 2009 இன் பின்னர் இரு சாராரும் திரும்பியபோது வயல்களைக் காடு மூடியிருந்தது. போன குடும்பம் ஒன்று, வந்த குடும்பங்கள் மூன்று என்ற நிலையில், பகிர்வதற்கு இருந்த காணியோ பழைய காணிதான். பெருகிய மக்களும் பெருகாத இடமும் சேரும்போது என்ன நிகழும் என்பதையே கோல்களின் பௌதிகவியலும் வேறொரு வகையில் ஆராய்கின்றது.

இவ்வாய்வின் வரலாறு புகையிலைச் செடியிலிருந்து தொடங்குகின்றது. புகையிலையைத் தாக்கும் மொசைக் வைரசு நுண்ணிய கோல் வடிவம் கொண்டது. அவ்வைரசுகள் கலந்த கரைசல் செறிவு மிகும்போது இரு படைகளாகப் பிரிவதையும், ஒரு படையில் கோல்கள் யாவும் ஒரே திசையை நோக்கி நிற்பதையும் 1930 களில் பிரித்தானிய ஆய்வாளர்கள் கண்டனர். கோல்கள் ஒன்றையொன்று கவர்ந்து இழுப்பதாலேயே இவ்வாறு நேர்கின்றது என்று எண்ணுவது இயல்பு. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய லாஸ் ஒன்சாகர் 1949 இல் இதற்கு வேறொரு விளக்கத்தை அளித்தார். கவர்ச்சி எதுவும் வேண்டியதில்லை. ஒரு கோல் இருக்கும் இடத்தில் மற்றொரு கோல் இருக்க முடியாது என்ற ஒரேயொரு விதியே போதும், செறிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் கோல்கள் தாமாகவே ஒரு திசைக்கு வந்துவிடும் என்று அவர் கணித்துக் காட்டினார்.

இதனை விளங்கிக்கொள்ள விஞ்ஞானகூடம் தேவையில்லை, விடத்தல்தீவுக் கடற்கரைக்குச் சென்றால் போதும். கரையில் நான்கைந்து வள்ளங்கள் மாத்திரம் இருந்தால் அவற்றை எந்தத் திசையிலும் இழுத்து விடலாம். வள்ளங்கள் பெருகி இடம் நெருங்கும்போது, குறுக்காக விடப்பட்ட ஒரு வள்ளம் பல வள்ளங்களின் அசைவைத் தடுத்துவிடும். எல்லாம் ஒரு திசையில் நின்றால் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் நகர இடம் கிடைக்கும். அதாவது, திசையைத் தெரியும் சுதந்திரத்தை இழப்பதன் மூலம் நகரும் சுதந்திரத்தைப் பெறலாம். வள்ளக்காரர் இதைச் சிந்தித்துச் செய்கின்றனர். சிந்தனையற்ற கோல்களும் இதையே செய்கின்றன என்பதுதான் ஒன்சாகரின் கண்டுபிடிப்பு. கோல்களை அடுக்கக்கூடிய வழிகளை எண்ணிப் பார்த்தால், நெரிசலில் ஒரு திசையாக நிற்கும் வழிகளே எண்ணிக்கையில் மிகுதியாக உள்ளன. உயர்தர இரசாயனவியல் மாணவர் எந்திரப்பி என்று படிப்பது இத்தகைய வழிகளின் எண்ணிக்கையைப் பற்றியதே. அது கூடினால் ஒழுங்கின்மை கூடும் என்று பாடநூல் கூறும். இங்கோ அது கூடும்போதே ஒழுங்கு பிறக்கின்றது.

நீர் பனிக்கட்டியாவது போன்று, ஒரு தொகுதியின் தன்மை ஓர் எல்லையில் அடியோடு மாறுவதை அவத்தை மாற்றம் என்பர். ஒன்சாகரின் கோல்கள் எத்திசையிலும் திரும்பவல்லவை. அவற்றைச் சதுரச் சாலகம் ஒன்றில், அதாவது வரைபுத் தாளின் கட்டங்கள் போன்ற அமைப்பில், கிடையாகவோ நிலைக்குத்தாகவோ மாத்திரம் வைக்க அனுமதித்தால் என்ன நிகழும்? கேள்வி எளிது, விடையோ நெடுங்காலம் பிடிபடவில்லை. இரு கட்டங்களை மட்டும் மூடும் குறுங்கோல்களில் இத்தகைய மாற்றம் நிகழாது என்பதை ஹைல்மன், லீப் ஆகிய இருவரும் 1970 களின் தொடக்கத்தில் கணித முறையில் நிறுவினர். நீண்ட கோல்களின் கதி தெளிவற்றிருந்தது.

2007 இல் அனந்தமோகன் கோஷும் தீபக் தாரும் இதற்கு விடை கண்டனர். தீபக் தார், மும்பையிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் நீண்டகாலம் பணியாற்றியவர். கோல் ஒன்று ஆறு கட்டங்களையோ அதற்குக் குறைவாகவோ மூடினால் எத்தனை கோல்களை நெருக்கினாலும் ஒரு திசை ஒழுங்கு பிறப்பதில்லை. ஏழு கட்டங்களை மூடினால் பிறக்கின்றது. கணினிப் பரிசோதனைகள் காட்டிய இந்த ஏழு என்னும் எல்லை இன்றும் ஆய்வாளரை வியக்கவைப்பது. மிக நீண்ட கோல்களில் இத்தகைய ஒழுங்கு உண்டு என்பதற்கான முறையான கணித நிறுவலை டிசெர்ட்டோரி, ஜூலியானி ஆகியோர் 2013 இல் வெளியிட்டனர்.

இதைவிட எதிர்பாராத முடிவு ஒன்றும் இவ்வாய்வில் உண்டு. ஏழு கட்டக் கோல்கள், தாளின் ஏறத்தாழ 75 சதவீதத்தை மூடும்போது ஒரு திசைக்குத் திரும்புகின்றன. அதன் பின்னரும் கோல்களைப் புகுத்திக்கொண்டே சென்று ஏறத்தாழ 92 சதவீதத்தை எட்டினால் அந்த ஒழுங்கு குலைந்து, கிடையும் நிலைக்குத்தும் மீண்டும் கலந்துவிடுகின்றன. இந்த இரண்டாவது மாற்றத்தைக் கணினியில் காண்பது பெருஞ்சிக்கலாக இருந்தது. நெரிசலில் ஒரு கோலைத் தனியே அசைக்க இடமிராது. ஜோய்ஜித் குண்டு, ஆர். ராஜேஷ், தீபக் தார், பிரேசிலைச் சேர்ந்த யூர்கன் ஸ்டில்க் ஆகியோர் 2013 இல் புதிய வழிமுறையொன்றினால் இதனைச் சாதித்தனர். ஒரு திசையிலுள்ள எல்லாக் கோல்களையும் ஒருமிக்க அகற்றிவிட்டு, ஒவ்வொரு வரிசையையும் கணித விதிப்படி மீண்டும் நிரப்புவதே அவ்வழிமுறை. ராஜேஷ் பணியாற்றும் இடம், 1962 இல் அல்லாடி இராமகிருஷ்ணனால் தொடங்கப்பட்ட சென்னை தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனமாகும்.

ஒழுங்கு ஏன் குலைகின்றது என்பதை எந்தப் பாடசாலை மாணவரும் தாளில் சரிபார்க்கலாம். பக்கத்துக்கு 70 கட்டங்கள் கொண்ட சதுரத் தாள் ஒன்றை ஏழு கட்டக் கோல்களால் இடைவெளியின்றி நிரப்புவதாகக் கொள்வோம். எல்லாக் கோல்களும் கிடையாகவே இருக்கவேண்டும் என்றால் அதற்கு ஒரேயொரு வழிதான் உண்டு. அதே தாளைப் பக்கத்துக்கு ஏழு கட்டங்கள் கொண்ட நூறு சிறு சதுரங்களாகப் பிரித்தால், ஒவ்வொரு சிறு சதுரத்தையும் கிடையாகவோ நிலைக்குத்தாகவோ இரு விதமாக நிரப்பலாம். இரண்டை நூறு தடவை பெருக்கினால் வருவது 31 இலக்கங்கள் கொண்ட எண். ஒருபுறம் ஒரு வழி, மறுபுறம் 31 இலக்க வழிகள் எனும்போது எது நிகழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. வெற்றிடம் சிறிதளவு இருக்கும்வரை ஒரே வரிசையிலுள்ள கோல்கள் முன்னும் பின்னும் வழுக்கிச் செல்லலாம், குறுக்கே நிற்கும் கோலொன்று ஏழு வரிசைகளின் வழியை அடைத்துவிடும், ஆகையால் ஒரு திசை ஒழுங்கு இலாபகரமானது. வழுக்கிச் செல்ல இடமே அற்றுப்போகும்போது அந்த இலாபமும் அற்றுவிடுகின்றது. மிக நீண்ட கோல்களில் இந்த இரண்டாவது மாற்றம் படிப்படியாக அன்றி, அடர்த்தி ஒரே தாவலில் மாறும் வகையில் நிகழும் என்று ஆகம் ஷா, தார், ராஜேஷ் ஆகியோர் 2022 இல் வாதிட்டுள்ளனர்.

இவ்வாறான ஆய்வினால் யாருக்கு என்ன பயன் என்ற கேள்வி எழுவது நியாயமே. கோல் வடிவ மூலக்கூறுகள் ஒரு திசையில் நிற்கும் திரவப் பளிங்கு நிலையே கணிப்பான்களின் திரையிலும் பல தொலைக்காட்சிகளின் திரையிலும் வேலை செய்கின்றது. இதைவிட ஆழமான பயன் ஒன்றுண்டு. தனித்தனியே எளிய விதிக்குக் கட்டுப்பட்ட எண்ணற்ற பொருள்கள் ஒன்றுசேரும்போது, எந்தத் தனிப்பொருளிலும் இல்லாத தன்மை எவ்வாறு பிறக்கின்றது என்பதை இத்துறை கற்பிக்கின்றது. இத்துறையின் உயர்ந்த விருதாகிய போல்ட்ஸ்மான் பதக்கம் 2022 இல் தீபக் தாருக்கும் அமெரிக்கரான ஜோன் ஹொப்ஃபீல்டுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் தார். ஹொப்ஃபீல்ட் ஈராண்டுகளின் பின்னர், 2024 இல், ஜெஃப்ரி ஹின்டனுடன் பௌதிகவியல் நோபல் பரிசைப் பெற்றார். இன்று உலகமெங்கும் பேசப்படும் செயற்கை நுண்ணறிவின் அடித்தளங்களுள் ஒன்று, சாலகக் கட்டங்களில் துணிக்கைகள் எவ்வாறு ஒழுங்குபெறுகின்றன என்ற இதே சிந்தனை மரபிலிருந்து எழுந்ததாகும்.

இனி, நமது கேள்விக்குத் திரும்புவோம். மனிதர் கோல்கள் அல்லர். ஆயினும் சதுரக் கட்டங்களைக் கொண்டு மனிதரின் கூட்டு நடத்தையை ஆராய்ந்தவர்கள் உளர். பின்னர் 2005 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட தோமஸ் ஷெல்லிங், 1971 இல் வெளியிட்ட ஆய்வொன்றில் சதுரங்கப் பலகை போன்ற கட்டங்களில் இருவகை மக்களைக் குறிக்கும் அடையாளங்களை நகர்த்திப் பார்த்தார். ஒவ்வொருவரும் தமது அயலில் தம்மவர் ஒரு சிலரேனும் இருக்கவேண்டும் என்று மாத்திரம் விரும்பினர். பிறரை வெறுத்தவர் எவருமில்லை. ஆயினும் சில நகர்வுகளின் பின்னர் பலகை இரு தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிந்துவிட்டது. பெரும் பிளவு ஒன்றைக் கண்டதும் பெரும் வெறுப்பு ஒன்றை அதன் காரணமாகக் கற்பிப்பது எவ்வளவு அவசரமான முடிவு என்பதை இது உணர்த்துகின்றது.

மீள்குடியேறிய மன்னார்க் கிராமங்களில் நிலவும் பிணக்குகள் பலவற்றை இந்த வெளிச்சத்தில் நோக்குவது பயனுள்ளது. குளத்து நீரின் பங்கீடு, மேய்ச்சல் தரை, வீட்டுத்திட்டப் பயனாளிகள் பட்டியல், எல்லைக் கல் ஆகியவை பற்றிய பிணக்குகள் தமிழர் என்றும் முஸ்லிம் என்றும் பிரிந்து நிற்பதை நாம் காண்கின்றோம். அங்கே நிற்பவர்கள் ஒருவரையொருவர் வெறுப்பதால்தான் அவ்வாறு நிற்கின்றனர் என்பது அரசியல் மேடைகளின் விளக்கம். இருபது ஆண்டுகள் ஊரைப் பிரிந்திருந்தவர் திரும்பி வரும்போது, உறுதியும் அனுமதிப்பத்திரமும் தொலைந்த நிலையில், தமக்குச் சாட்சி சொல்லக்கூடிய உறவினரின் பக்கம் நிற்பது இயல்பே. இடம் நெருங்கும்போது தம்மவரின் திசையில் நின்றால்தான் அசைய முடிகின்றது. இது வெறுப்பின் வெளிப்பாடு அன்று, நெரிசலின் விளைவு. வெறுப்புக்கு மருந்து தேடுவோர் நல்லிணக்கக் கூட்டங்களை நடத்துவர். நெரிசலுக்கு மருந்து தேடுவோர் காணியை அளப்பர், குளத்தைத் திருத்துவர், பத்திரங்களை வழங்குவர். கடந்த ஆண்டுகளில் முதலாவது வகைப் பணிக்குக் காட்டப்பட்ட ஆர்வம் இரண்டாவதற்குக் காட்டப்பட்டிருந்தால் பல பிணக்குகள் எழுந்தேயிரா.

ஆனால் இத்துடன் நிறுத்திக்கொண்டால் முதலில் கூறிய இரண்டாவது தவறை நாமே செய்தவர்களாவோம். கோல்களுக்குக் கட்டளை இடுபவர் எவருமில்லை என்பது உண்மையே. எனினும் அந்தப் பரிசோதனையில் தாளின் பரப்பு எவ்வளவு, அதில் எத்தனை கோல்களைப் புகுத்துவது என்பவற்றைக் கோல்கள் தீர்மானிப்பதில்லை. அவற்றை வெளியில் இருப்பவரே தீர்மானிக்கின்றார். கோல்கள் சாய்வது தானாக நிகழ்வது, பெட்டியைச் சுருக்குவதோ ஒருவரின் முடிவு. நமது மாவட்டத்தில் பெட்டியைச் சுருக்கிய முடிவுகள் பல உள.

முசலிப் பிரதேசம் இதற்குச் சான்று. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி ஆகிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் திரும்பிச் சென்றபோது, தாம் வாழ்ந்த நிலத்தின் பகுதிகள் வனப் பிரகடனங்களுக்குள் சேர்க்கப்பட்டிருப்பதை எதிர்த்துக் குரல் எழுப்ப நேர்ந்தது. 2017 மார்ச்சில் மாவில்லுக் காப்புக் காடு பற்றிய வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தபோது அந்தப் போராட்டம் மேலும் வலுத்தது. அதே பிரதேசத்தில் முள்ளிக்குளத்துத் தமிழ் மக்கள் 2007 இல் வெளியேறிய பின்னர் அவர்களின் ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. 2017 இல் அவர்கள் தொடர்ந்து போராடிய பின்னரே ஒரு பகுதியை விடுவிக்கும் உறுதிமொழி கிடைத்தது. ஒரே ஆண்டில், ஒரே பிரதேச செயலாளர் பிரிவில், இரு சமூகங்களும் தத்தம் நிலத்துக்காகத் தனித்தனியே வீதியில் நின்றன. இரண்டிலும் இடத்தைக் குறைத்தது அயலிலுள்ள மற்றைய சமூகம் அன்று. நெரிசலில் அருகே நிற்பவரின் முழங்கைதான் நம்மை உறுத்தும், சுவரை நகர்த்தியவர் கண்ணுக்குத் தென்படமாட்டார்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. அங்கே நெரிசலும் இல்லை, தானாக நிகழ்ந்த சாய்வும் இல்லை, நேரடியான கட்டளையே உண்டு. 1990 ஒக்டோபரில் நிகழ்ந்தது அத்தகையது. யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசமே வழங்கப்பட்டது. ஆயுதம் தாங்கிய ஓர் அமைப்பு முடிவெடுத்து, அறிவித்து, வீதிகளில் நின்று நிறைவேற்றிய செயல் அது. கிழக்கில் அவ்வேளை நிலவிய பகைமை, போர்க்காலச் சந்தேகங்கள் என்று சூழ்நிலைக் காரணங்களை அடுக்கி, அது தவிர்க்க முடியாத ஒரு விளைவு என்பதுபோல் எழுதுவோர் இன்றும் உளர். அவத்தை மாற்றம் என்ற சொல்லை இங்கே எவராவது பயன்படுத்தினால் அது விஞ்ஞானத்துக்கும் வரலாற்றுக்கும் இழைக்கப்படும் அநீதியாகும். நீர் கொதிப்பதற்கு நீர் பொறுப்பாவதில்லை. கட்டளை இட்டவர் கட்டளைக்குப் பொறுப்பாவார். அதே வேளையில், கட்டளை இட்டவர்களின் பொறுப்பை அவ்வூர்களின் தமிழ் அயலவர் அனைவர் மீதும் சுமத்துவதும் நியாயமாகாது. அவர்களிடம் எவரும் அனுமதி கேட்கவில்லை.

முடிவு ஒன்றை இயற்கை விதியின் வேடத்தில் மறைப்பது ஒரு தரப்புக்கு மாத்திரம் உரிய வழக்கமன்று. கொவிட் பெருந்தொற்றின்போது 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, தொற்றினால் இறந்தோரின் உடல்களை எரிப்பது இந்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் மாசடையும் என்பது காட்டப்பட்ட காரணம். அடக்கமும் எரிப்பும் இரண்டுமே ஏற்புடையவை என்று உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. முஸ்லிம் சமூகத்தின் நெஞ்சில் ஆறாத வடுவாகிய இந்நடவடிக்கைக்கு மன்னிப்புக் கோருவதற்கு 2024 ஜூலையில் அமைச்சரவை தீர்மானித்தது. விஞ்ஞானத்தின் பெயரால் ஒரு கூற்று முன்வைக்கப்படும்போது, அதற்கான சான்று யாது, அதை எவ்வாறு சோதித்தீர்கள் என்று கேட்கும் பழக்கம் நாடு முழுவதும் வேரூன்றியிருந்தால் அந்தப் பத்து மாதங்கள் அவ்வாறு கழிந்திருக்கமாட்டா.

ஆகவே இது பாடசாலைக் கல்வியைப் பற்றிய விடயமாகவும் ஆகின்றது. வன்னியின் உட்பகுதிகளில் தமிழ்மொழி மூலம் பௌதிகவியலும் கணிதமும் உயர்தரம் வரை கற்பிக்கும் வசதியுள்ள பாடசாலைகள் அரிது. விஞ்ஞானம் கற்க விரும்பும் பிள்ளை நகரத்துக்குச் செல்லவேண்டும், செல்ல இயலாத பிள்ளை கலைப்பிரிவில் அமரவேண்டும் என்பதே பல குடும்பங்களின் அனுபவம். பெண் பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளில் இந்தத் தடை இரட்டிப்பாகின்றது. வசதிகள் குறைந்த நாட்டுக்கு அடிப்படை விஞ்ஞானம் ஆடம்பரம் என்ற எண்ணத்தை ஏற்க மறுத்தவர்களுள் முதன்மையானவர், பாகிஸ்தானின் அப்துஸ் சலாம். 1979 இல் பௌதிகவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர், வறிய நாடுகளின் விஞ்ஞானிகளுக்கென்றே 1964 இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஆய்வு மையம் ஒன்றை நிறுவினார்.

கோல்களின் ஆய்வு இவ்விடயத்தில் நமக்கு நம்பிக்கை ஊட்டுவது. அதன் தொடக்கப் பாடத்துக்கு வேண்டியவை வரைபுத் தாளும் கத்தரிக்கோலும் மாத்திரமே. பத்தாம் வகுப்பு மாணவர் ஏழு கட்டத் துண்டுகளை வெட்டி, ஏழுக்கு ஏழு சதுரத்தை எத்தனை விதமாக நிரப்பலாம் என்று ஒரு பாடவேளையில் கண்டுபிடித்துவிடலாம். அடுத்த படிக்கு ஒரு சாதாரண கணினி போதும். மேற்கூறிய ஆய்வுகள் கோடிக்கணக்கான பெறுமதியுள்ள உபகரணங்களால் அன்றி, எண்ணிப் பார்க்கும் பொறுமையாலும் நல்ல வழிமுறையாலும் வென்றெடுக்கப்பட்டவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் மாந்தை, முசலி, மடுப் பிரதேசங்களின் பாடசாலைகளில் ஆண்டுக்கு ஓரிரு விஞ்ஞான முகாம்களையேனும் நடத்தலாம். தமிழ், முஸ்லிம் மாணவர் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே தாளை நிரப்பும் அத்தகைய ஒரு காலைப்பொழுது, நல்லிணக்கம் பற்றிய பல சொற்பொழிவுகளைவிட மேலானது. சென்னையிலுள்ள ஆய்வாளர்களைக் காணொளி வாயிலாக அம்மாணவருடன் பேசவைப்பதும் இக்காலத்தில் அரிதன்று, மொழி ஒன்றாயிருக்கக் கடல் ஒரு தடையன்று.

பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கவேண்டியது சூத்திரங்களை மாத்திரமன்று. ஊரில் ஏதேனும் நிகழும்போது மூன்று கேள்விகளைக் கேட்கும் பழக்கத்தையும் கற்பிக்கவேண்டும். இது தானாக நிகழ்ந்ததா? யாரேனும் இடத்தைச் சுருக்கியதால் நிகழ்ந்ததா? யாரேனும் கட்டளை இட்டதால் நிகழ்ந்ததா? முதலாவதாயின் அயலவரை மன்னிக்கலாம். இரண்டாவதாயின் அயலவரோடு சேர்ந்து உரியவரிடம் இடத்தைக் கேட்கலாம். மூன்றாவதாயின் பொறுப்பானவரைப் பெயர் கூறி நீதி கேட்கலாம். மூன்றையும் ஒன்றாகக் குழப்பியமையால் மன்னிக்கவேண்டியவர்களோடு பகைத்தோம், நீதி கேட்கவேண்டிய இடத்தில் விதியை நொந்துகொண்டோம்.

கோல்களுக்கு நினைவு இல்லை, ஆகையால் அவை வேறுவிதமாக நடக்க முடியாது. தாளின் பரப்பையும் நெரிசலையும் பொறுத்து அவை சாயும் அல்லது கலையும். மனிதருக்கோ நெரிசலிலும் நின்று, சுவரை நகர்த்தியவர் யார் என்று திரும்பிப் பார்க்கும் ஆற்றல் உண்டு. பெரியமடுவின் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் தத்தம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் காணி எவ்வளவு என்பதை வர்த்தமானிகள் தீர்மானிக்கக்கூடும். அருகில் நிற்பவரின் முழங்கையையும் சுவரையும் வேறுபிரித்துக் காணும் பார்வையை அப்பிள்ளைகளுக்கு வழங்குவது அவ்வூர்ப் பெற்றோரின் கையிலும், அவர்களுக்கு ஆசிரியரை அனுப்பவேண்டிய கல்வித் திணைக்களத்தின் கையிலும் உள்ளது.